கொழுவாத டிரைவிலை வந்த படம்

போன கிழமை செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சண்டிலிப்பாயிலை மாமி வீட்டு டிரைவிலை கிடக்கிற ஒரு படத்தை எடுத்து, சுன்னாகத்திலை இருக்கிற அச்சகத்துக்கு அனுப்பிறது. ஒரு படம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் போகவேணும்.

நான் இருக்கிறது உடுவிலிலை. சண்டிலிப்பாய்க்கு மோட்டார்சைக்கிளிலை பத்து நிமிசம். வழியிலை மாடு நிண்டா பன்னிரண்டு. இதை மனசிலை வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

மாமா, எங்கடை அம்மாவின்ரை தம்பி, போன மாசம் மோசம் போயிட்டார். எழுபத்தாறு வயசு. வெங்காயமும் புகையிலையும் செய்த மனிசன். நல்ல மனிசன். ஆனா முகம் மட்டும் எப்பவும் ஆரோடையோ எல்லை வழக்குப் பேசிப்போட்டு வந்த மாதிரி இருக்கும்.

கலியாணப் படத்திலையும் முறைச்சுக்கொண்டுதான் நிக்கிறார். அடையாள அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செத்தவீட்டுக்கு அடிச்ச கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் பாத்திட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை ஒண்டு, "நான் மாங்காய் எடுக்கேல்லை" எண்டு அழத் தொடங்கீட்டுது. ஒருத்தரும் அதிட்டைக் கேக்கேல்லை.

அந்தக் கிழமை வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள். அண்டைக்கு வாற சனத்துக்கு எங்கடை ஊரிலை ஒரு நினைவுப் புத்தகம் குடுப்பினம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி, முன் மட்டையிலை செத்தவரின்ரை படம். கல்வெட்டு எண்டு சொல்லுறது. எல்லா வீட்டு அலுமாரியிலையும் உது ஒரு கட்டுக் கிடக்கும்.

மாமிக்குக் கல்வெட்டிலை ஒரே ஒரு ஆசைதான்.

"தம்பி, புத்தகத்திலையாவது அவர் சிரிக்கவேணும்."

சிரிச்ச படம் ஒண்டு இருந்தது. ஒண்டுதான். கனடாவிலை இருக்கிற மச்சான், மாமியின்ரை மகன், மூண்டு வருசத்துக்கு முதல் இஞ்சை வந்து நிக்கேக்கை எடுத்தது. எடுத்த போன் பேந்து கிணத்துக்குள்ளை விழுந்திட்டுது. இப்ப அந்தப் படம் இருக்கிற ஒரே இடம் மாமி வீட்டு டிரைவ்.

படங்களைச் சேமிச்சு வைச்சு, வயராலை கொம்பியூட்டரிலை கொழுவிற அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி ஒருக்காச் சொல்லவேணும். வெளிநாட்டிலையிருந்து வாற எங்கடை ஆக்கள் சாமான் கொண்டு வாற முறை உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு வீட்டுக்கு ஒண்டு கூடி மற்ற வீட்டுக்கு ஒண்டு குறைஞ்சா, அடுத்த கலியாணத்துக்கு அரைவாசிச் சனம் வராது. அதாலை சவுக்காரத்திலையிருந்து சொக்கிலேட் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான்.

மச்சான் அந்த முறை மூண்டு டிரைவ் கொண்டு வந்தவன். மாமி வீட்டுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு, வல்வெட்டித்துறைப் பெரியம்மாவுக்கு ஒண்டு. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வயர். உள்ளுக்கும் ஒரே படங்களை ஒரே மாதிரிப் பிரிச்சு அடுக்கியிருந்தவன்: 'கோயில்', 'கலியாணம்', 'ஆக்கள்'. மூண்டு டிரைவுக்கும் வைச்ச பேரும் ஒண்டுதான். 'போட்டோஸ்'.

ஆற்றையும் மனம் நோகக்கூடாதெண்டு செய்தவன், பாவம். மாமா சிரிச்ச படம் மட்டும் அவன் எங்களுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்த பிறகு எடுத்தது. அதாலை அது மாமியின்ரையிலை மட்டும்தான் கிடக்குது.

செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்கு மாமி போன் எடுத்தா. எடுத்ததும் சொன்ன முதல் வசனம், "தம்பி, நான் டிரைவைக் கொண்டு ஓட்டோவிலை வாறன்."

அதோடை இந்தக் கதை முடிஞ்சிருக்கவேணும்.

ஆனா நான் ஆர்? சொந்தக்காரற்றை வீட்டுக் கொம்பியூட்டர் எல்லாத்திலையும், ஆரும் கேளாமலே, விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு வைச்சிருக்கிற ஆள். வேலை கூட்டுறவுச் சங்கத்திலை எழுதுவினைஞர். கொம்பியூட்டர் படிச்சது யூடியூப்பிலை. உடுவிலிலை என்ரை கதிரையிலை இருந்துகொண்டு நாலு வீட்டுக் கொம்பியூட்டருக்குள்ளை போய் வருவன். கறுப்புத் திரையிலை கட்டளை அடிக்கிற ஆக்களைப் போல இல்லை, எல்லாம் ஃபைல் மனேஜரிலை மவுஸாலை தட்டித் தட்டித்தான். விலாசத்தைக் குடுத்தா மாமி வீட்டுக் கொம்பியூட்டர் என்ரை திரையின்ரை இடப்பக்கத்திலை ஒரு சின்னப் பெட்டியா வந்து நிக்கும். அது வந்து நிக்கேக்கை எனக்கு வாற சந்தோசம், சங்கத்திலை பதவி உயர்வு வந்த அண்டைக்கும் வரேல்லை.

"நீங்கள் ஏன் மாமி மழைக்குள்ளை அலையிறியள்? இருந்த இடத்திலை இருங்கோ. டிரைவைக் கொம்பியூட்டரிலை கொழுவி விடுங்கோ. மிச்சம் நான் பாக்கிறன்."

என்ரை மனிசி குசினிக்குள்ளை இருந்து கேட்டா, "ஏனப்பா, ஒருக்காப் போயிட்டு வாங்கோவன். வெங்காயமும் முடிஞ்சுது."

"இருபத்தோராம் நூற்றாண்டிலை ஒரு படம் எடுக்க மோட்டார்சைக்கிளோ?" எண்டு கேட்டன்.

அவ வெங்காயம் இல்லாத வெறுங்கூடையைக் கொண்டந்து என்ரை மேசையிலை வைச்சா. அவ இப்பிடி ஏதும் செய்தா நான் கவனமா இருக்கவேணும் எண்டு எனக்குப் பதினைஞ்சு வருசமாத் தெரியும். இருக்கேல்லை.

மாமி கொழுவினா. மாமி முப்பது வருசம் பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்சவ. சொன்னதைச் சொன்னபடி செய்வா.

"கொழுவீட்டன் தம்பி. நீல லைட் எரியுது."

நான் இஞ்சை பாக்கிறன். மாமியின்ரை கொம்பியூட்டர் தெரியுது. மாமாவின்ரை உரக்கணக்குத் தெரியுது. டிரைவைக் காணேல்லை.

"கழட்டிப்போட்டுத் திருப்பிக் கொழுவுங்கோ மாமி."

கழட்டிக் கொழுவினா. இல்லை. மற்றத் துவாரத்திலை கொழுவச் சொன்னன். இல்லை. பின்பக்கத்திலை கொழுவச் சொன்னன். மாமி மேசைக்குப் பின்னாலை போய் ஒட்டடையோடை வெளியிலை வந்தா. இல்லை.

"தம்பி, ஓட்டோ..."

"பொறுங்கோ மாமி."

அரைமணித்தியாலம் போன பிறகுதான் எனக்குப் பொறி தட்டினது. லினக்ஸிலை டிரைவைக் கொழுவினா மட்டும் காணாது. படலைக்கு வெளியிலை வந்து நிக்கிற விருந்தாளி மாதிரி அது. வீட்டுக்காரர் ஆரும் உள்ளை இருந்து படலையைத் திறந்து விட்டாத்தான் உள்ளை வரும். அதைத்தான் மவுண்ட் பண்ணுறது எண்டு சொல்லுறது. மாமா போன பிறகு ஒருத்தரும் அந்தக் கொம்பியூட்டரிலை உள்ளை போகேல்லை. அது கடவுச்சொல் கேட்டுக்கொண்டு முன் திரையிலையே நிக்குது. தூர இருந்து பாக்கிற எனக்குப் படலை திறந்த பிறகு உள்ளை வாறதுதான் தெரியும்.

"மாமி, மாமாவின்ரை பேரைத் தட்டிப்போட்டுக் கடவுச்சொல்லை அடியுங்கோ."

"எனக்கெப்பிடித் தெரியும்? அவர் என்னட்டைச் சொன்னவரே?"

எனக்குத் தெரியும். நான் தானே போட்டுக் குடுத்தனான். மாமா என்ரை காதுக்குள்ளை வந்து, "இஞ்சை பார், வெளியிலை கதைக்கப்படாது" எண்டு சொல்லிப்போட்டுத்தான் சொன்னவர்.

"உங்கடை பேர்தான் மாமி. புவனேஸ்வரி."

மற்றப் பக்கம் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"என்ரை பேரோ?" எண்டு கேட்டா மாமி.

"ஓம்."

"நாப்பத்தாறு வருசமா என்னை 'இஞ்சரும்' எண்டுதான்ரா கூப்பிட்டவர்."

"இங்கிலீசிலை அடியுங்கோ, எல்லாம் சின்ன எழுத்து மாமி" எண்டன். என்ரை புத்தி அவ்வளவுதான்.

மாமி மெதுவா ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. அடிக்கேக்கை மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டது. பேந்து, "திறந்திட்டுது தம்பி. டிரைவின்ரை பேரும் வந்திட்டுது" எண்டு சொன்னா.

நான் மவுஸிலை கையை வைச்சன். அந்த நேரம் பாத்து வானம் ஒருக்கா உறுமினது.

எங்கடை பக்கத்து வீடுகளிலை முழக்கம் கேட்டா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிவி, பிரிட்ஜ், இண்டர்நெற் பெட்டி, கொம்பியூட்டர், சில நேரம் மணிக்கூடு, எல்லாத்தின்ரை பிளக்கும் சுவரிலையிருந்து வெளியிலை வரும். மாமி இதிலை வலு கெட்டிக்காரி. என்ரை திரையிலை சண்டிலிப்பாய் கண் மூடித் திறக்க முதல் காணாமல் போச்சுது.

"மாமி, ஏன் கழட்டினியள்?"

"முழங்குதெல்லே."

"உது அங்காலை காரைநகர்ப் பக்கம் மாமி."

"இடி விலாசம் கேட்டே வாறது?"

காத்திருந்தன். பதினொண்டரை ஆச்சுது. அச்சகக்கார தேவன் அண்ணை ஒருக்காப் போன் எடுத்தார். "தம்பி, படம் பன்னிரண்டுக்குப் பிந்தினா மட்டை இண்டைக்கு அடிக்கேலாது. இண்டைக்கு அடிச்சாத்தான் நாளைக்குக் கட்டலாம். போனிலை அனுப்பிப்போடாதையுங்கோ, படம் மங்கிப்போகும். இமெயிலிலை போடுங்கோ."

பதினொண்டே முக்காலுக்கு மாமி திரும்ப எல்லாத்தையும் கொழுவினா. தன்ரை பேரை இப்ப கெதியா அடிச்சா. கொம்பியூட்டர் என்ரை பக்கத்திலை வந்து நிண்டிட்டுது. டிரைவ் மட்டும் பாக்கி. அதை அவ முழக்கத்துக்குப் பயந்து கழட்டி, துணியிலை சுத்தி அலுமாரிக்குள்ளை வைச்சிருந்தவ. எடுத்துக்கொண்டு வந்தா வயரின்ரை மற்ற முனையும் கழண்டு கிடக்குதாம்.

"தம்பி, உந்தத் தட்டை முனையை எந்தப் பக்கம் பாக்க வைக்கிறது? உடைச்சுப்போடுவன் போல கிடக்கு."

"பொறுங்கோ மாமி, என்ரையும் அதே டிரைவ் தானே. நான் இஞ்சை கொழுவிக் கொழுவிச் சொல்லுறன்."

என்ரை டிரைவை மேசை லாச்சியிலையிருந்து எடுத்தன். "அகலமான பக்கம் மேலை பாக்கவேணும். மெதுவா. அப்பிடித்தான். இப்ப மற்ற முனையைக் கொம்பியூட்டரிலை." சொல்லிக்கொண்டே நானும் கொழுவினன். மாமிக்குக் காட்டுற மாதிரி. போனிலை.

திரையின்ரை இடப்பக்கத்திலை 'போட்டோஸ்' எண்டு வந்து நிண்டது.

"வந்திட்டுது!" எண்டு கத்திப்போட்டன். மனிசி குசினிக்குள்ளை கரண்டியைக் கீழை போட்டா.

மாமி கேட்டா, "என்ன வந்தது?"

"டிரைவ் மாமி. வடிவாத் தெரியுது."

"நான் இன்னும் கொழுவேல்லை தம்பி."

இந்த இடத்திலை ஒரு மனிசன் ஒரு நிமிசம் யோசிப்பான். நான் யோசிக்கேல்லை.

"உங்கை லைட் எரியேல்லையோ?"

"இல்லை."

"அப்ப லைட் பழுது. இஞ்சை எனக்குத் தெரியுதெல்லே."

"கொழுவாமல் எப்பிடியடா தெரியும்?"

"அதுதான் மாமி லினக்ஸ்."

முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச மாமி, விடை பிழையெண்டு தெரிஞ்சும் பிள்ளை முழுக்கச் செய்து முடிக்கட்டும் எண்டு விட்ட மாதிரி, "சரி, செய் பாப்பம்" எண்டா.

"படம் எதுக்குள்ளை கிடக்கு எண்டு மச்சான் சொன்னவன்?"

"'ஆக்கள்' எண்டதுக்குள்ளையாம். கடைசியாப் போட்ட படமாம்."

போனன். 'ஆக்கள்'. திகதிப்படி அடுக்கினன். கடைசியாப் போட்டது எதுவோ அது மேலை வந்தது. தூரத்துக் கொம்பியூட்டர் எண்டா படங்களைச் சின்னனாக் காட்டக் கனநேரம் எடுக்கும், அதாலை அதை எப்பவோ நிப்பாட்டி வைச்சிருக்கிறன். வெறும் பேரும் திகதியும்தான் தெரியும். திறந்து பாத்தா லைன் இறுகிப்போகும் எண்டு திறக்கவும் இல்லை. நேரம் பதினொண்டு அம்பத்தைஞ்சு.

எடுத்து என்ரை மேசையிலை போட்டன். போட்ட மாதிரித்தான், வந்திட்டுது. ஒரு செக்கன்கூட இல்லை.

"பாத்தீரோ," எண்டு மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினன். "சண்டிலிப்பாயிலையிருந்து வாற வேகத்தை. பக்கத்திலை இருக்கிற மாதிரி."

அவ வந்து திரையைப் பாத்தா. பக்கத்திலை மேசையிலை நீல லைட்டோடை கிடந்த எங்கடை டிரைவைப் பாத்தா. என்னைப் பாத்தா. கறி அடுப்பிலை கிடந்தபடியா திரும்பிப் போயிட்டா.

இமெயிலிலை போட்டு அனுப்பினன். அனுப்பிப்போட்டு முறைப்படி 'போட்டோஸ்' மேலை தட்டி, பாதுகாப்பா வெளியிலை எடுத்தன். ஒரு வேலை எண்டா ஒழுங்கா முடிக்கவேணும்.

"இப்ப கழட்டலாம் மாமி."

"கொழுவாததை எப்பிடியடா கழட்டுறது?"

"அப்ப அப்பிடியே வையுங்கோ."

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தேவன் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, படம் நல்ல தெளிவு. ஐயாவின்ரை நடுத்தர வயசுப் படம்போல."

நான் நினைச்சன், மூண்டு வருசத்துக்கு முதல் எடுத்தது, மச்சானின்ரை போன் ஏதோ வயசைக் குறைச்சுக் காட்டுற போன் ஆக்கும் எண்டு. "ஓம் அண்ணை. சிரிப்பு வடிவாத் தெரியுதோ?"

"சிரிப்பெண்டு சொல்லேலாது. பல்லுக்கொதி வந்த ஆளின்ரை சாயல் ஒண்டு கிடக்கு."

"அதுதான் அண்ணை மாமாவின்ரை சிரிப்பு."

"முகத்திலை களை காணாது. கொஞ்சம் வெளிப்பாக்கட்டோ?"

"வெளிப்பாக்குங்கோ. தோட்டம் செய்த மனிசன், வெயில்."

"முன்பக்கம் மயிரும் கொட்டுண்டு போச்சு. கொஞ்சம் போட்டு விடட்டோ? நாங்கள் வழமையாச் செய்யிறனாங்கள்."

"போடுங்கோ அண்ணை. மாமி சந்தோசப்படுவா."

மாதிரிக்கு ஒரு மட்டை அடிச்சு வைக்கிறன், நாலு மணிக்கு வந்து பாத்து ஓம் எண்டா இருநூறும் அடிக்கலாம் எண்டார். மாமிக்குச் சொன்னன். தானும் வாறன் எண்டா. மழை விட்டிருந்தது. அவ ஓட்டோவிலை வந்தா, நான் மோட்டார்சைக்கிளிலை. பத்து நிமிசம்கூட எடுக்கேல்லை.

தேவன் அண்ணை மட்டையைக் கொண்டந்து மேசையிலை வைச்சார். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. பின்னாலை நீலவானம். மேலை 'அமரர்' எண்டு மாமாவின்ரை பேர். கீழை ஒரு பக்கம் தோற்றம், மற்றப் பக்கம் மறைவு.

நடுவிலை படம்.

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டா. குனிஞ்சு பாத்தா. கனநேரம் பாத்தா. பிறகு நிமிந்து என்னை வடிவாப் பாத்து, சாவகாசமாக் கேட்டா.

"தம்பி, நீ எப்பவடா மோசம் போனனி?"

நான் எட்டிப் பாத்தன். நான்தான். போன மாசம் கனடா விசாவுக்கு எண்டு எடுத்த படம். ஸ்டூடியோக்காரன், "பல்லுத் தெரியப்படாது, சிரிக்கப்படாது, வாயை இறுக்கி மூடுங்கோ" எண்டு சொல்லி எடுத்தது. நான்தான் கொண்டு வந்து எங்கடை டிரைவிலை 'ஆக்கள்' எண்டதுக்குள்ளை கடைசியாப் போட்டனான். இப்ப நெத்தியிலை கறுகறு எண்டு புது மயிர். முகம் நல்ல வெளிப்பு. உண்மையைச் சொல்லவேணும், நான் இவ்வளவு வடிவா இருந்ததே இல்லை.

சின்ன வயசிலையிருந்தே எல்லாரும் சொல்லுறவை, மாமாவை உரிச்சு வைச்ச மாதிரி எண்டு. பெருமையா இருக்கும். அண்டைக்கு இருக்கேல்லை.

தேவன் அண்ணை படத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்.

"நீங்களோ தம்பி என்னோடை போனிலை கதைச்சது?"

"ஓம் அண்ணை."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும்."

மனிசன் ஆறுதல் சொல்லத் தொடங்கீட்டார். "கவலைப்படாதையுங்கோ. செத்ததா ஒரு கதை வந்தா ஆயுசு கூடும் எண்டு சொல்லுறவை." பிறகு மணிக்கூட்டைப் பாத்தார். "மற்ற வேலையெல்லாம் முடிஞ்சுது, படத்தை மாத்தினாச் சரி. ஆனா ஆறு மணிக்கு மிசினை நிப்பாட்டிப்போடுவன். சரியான படம் இல்லாட்டி அடையாள அட்டையிலை இருக்கிறதைத்தான் போடவேணும்."

மாமியின்ரை முகம் மாறீட்டுது. மனிசன் செத்தும் முறைச்சுக்கொண்டு இருநூறு வீட்டு அலுமாரிக்குள்ளை இருக்கப்போறார். எல்லாம் என்னாலை. ஒரு படம், பத்து நிமிசம், அதைக்கூட என்னாலை ஒழுங்காச் செய்யேலாமல் போச்சுது. வெக்கமா இருந்தது.

"மாமி, நீங்கள் இருங்கோ. நான் உங்கடை வீட்டை போய் டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி வாறன். திறப்பைத் தாங்கோ."

மாமி திறப்பைத் தேடுற மாதிரி கைப்பையைத் திறந்தா. உள்ளையிருந்து ஒரு லேஞ்சியை எடுத்தா. லேஞ்சியை விரிச்சா. டிரைவ். வயரும் சேத்துச் சுத்திக் கிடந்தது.

"நான் கொழுவேல்லை எண்டு எத்தினை தரமடா சொன்னனான்? கொழுவாமல் படம் வந்ததெண்டா ஒண்டில் நீ பொய், இல்லாட்டி அது பேய். எதுக்கும் இருக்கட்டும் எண்டு கொண்டந்தனான்."

தேவன் அண்ணை வாங்கித் தன்ரை கொம்பியூட்டரிலை கொழுவினார். நீல லைட் எரிஞ்சது. லைட்டிலை ஒரு பழுதும் இல்லை.

'ஆக்கள்'. கடைசிப் படம். திறந்தார்.

மாமா சிரிக்கிறார். சும்மா சிரிப்பில்லை. கண் ரெண்டும் மூடுண்டு, கை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, ரெண்டு பக்கமும் பல்லில்லாத இடமெல்லாம் தெரிய, அந்த மனிசனுக்குள்ளை இப்பிடி ஒரு சிரிப்புக் கிடந்தது எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. எனக்குக் கண் கலங்கீட்டுது. மாமி சீலைத் தலைப்பாலை மூக்கைத் துடைச்சா.

பிறகுதான் கவனிச்சன். படத்தின்ரை ஒரு மூலையிலை, மேசைக்குக் கீழை, ஆரோ ஒருத்தன் முழங்காலிலை நிண்டுகொண்டு தலையை உள்ளை விட்டிருக்கிறான். பின்பக்கம் மட்டும் தெரியுது. நல்லாத் தெரியுது.

"உது ஆர் மாமி?"

"தெரியேல்லையோ? நீதான். எங்கடை கொம்பியூட்டருக்கு லினக்ஸ் போட வந்த அண்டைக்கு. கொம்பியூட்டர் செத்துப்போச்சு, உள்ளை ஏதோ எரிஞ்சுபோச்சு எண்டு ரெண்டு மணித்தியாலம் கழட்டிப் பூட்டினனி. பிளக் கொழுவாமல் கிடந்தது. அவர் முதல் நிமிசமே கண்டிட்டார். சொல்லேல்லை."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா முடிஞ்சுபோமெல்லே, அதாலை சொல்லேல்லையாம். அண்டைக்கு ராச்சாப்பாட்டுக்கும் நினைச்சு நினைச்சுச் சிரிச்சவர்."

தேவன் அண்ணை மவுஸை அந்த மூலைக்குக் கொண்டு போனார். "அம்மா, இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து விடட்டோ? கல்வெட்டுக்கு அவ்வளவு மரியாதையா இராது."

நான் தலையை ஆட்டினன். வெட்டுங்கோ, கெதியா வெட்டுங்கோ.

மாமி என்னைப் பாக்கவே இல்லை. "வேண்டாம் தம்பி, கிடக்கட்டும். உது இல்லாட்டி அவர் ஏன் சிரிக்கிறார் எண்டு சனத்துக்கு விளங்காது."

ஆறு மணிக்கு முதல் இருநூறும் அடிச்சாச்சு. வியாழக்கிழமை வந்த சனமெல்லாம் மட்டையைப் பாத்துத் தாங்களும் சிரிச்சுது. முப்பத்தோராம் நாள் வீட்டிலை அவ்வளவு சிரிப்பை ஊரிலை ஆரும் கண்டிருக்க மாட்டினம். மாமி ஒவ்வொருத்தருக்கும் புத்தகத்தைக் குடுத்துப்போட்டு, மூலையை விரலாலை தொட்டு, பந்தியிலை சாம்பார் வாளியோடை நிண்ட என்னைக் காட்டினா. வல்வெட்டித்துறைப் பெரியம்மா வரேலாமல் போச்சு எண்டு ஒரு புத்தகத்தைத் தனியா எடுத்து வைச்சு, அதை நான்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும் எண்டும் சொல்லிப்போட்டா.

மோட்டார்சைக்கிளிலை போய்க் குடுத்தன்.